பிள்ளைகளோடு விளையாட: சேலத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே காத்து நிற்கும் பெற்றோர் பேசிக்கொள்வதில் பாதி ஹோம்வொர்க் பற்றி இருக்கும். மீதிப் பாதி, "இவனை வீட்டில் எப்படிச் சமாளிக்கிறது?" அந்த இரண்டாவது பாதியில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்தான் கீழே இருப்பவை. பதில்களில் என் விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும்.

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வரவே எட்டரை ஆகிறது. எங்கே விளையாடுவது?

இருபது நிமிஷம் போதும். ஆனால் அது முழுசாக அவர்களுடைய இருபது நிமிஷமாக இருக்க வேண்டும். போனை ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். "ம்... ம்..." கொட்டிக்கொண்டே வாட்ஸ்அப் பார்க்கும் அப்பாவை மூன்று வயசுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும், மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பும்.

சோறு வேகும் நேரத்துக்கு ஒற்றையா இரட்டையா சரியாக இருக்கும். ஆளுக்குக் கொஞ்சம் புளியங்கொட்டை. சிலதைக் கைக்குள் மூடி நீட்டி "ஒத்தையா ரெட்டையா?" என்று கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் கைக்குள் இருப்பது சொன்னவருக்கு. தப்பினால் அதே அளவு அவர் தர வேண்டும். வீட்டில் நாலு பேர் இருந்தால் ராஜா, ராணி, திருடன், போலீஸ். நாலு துண்டுச் சீட்டு மடித்துப் போட்டு, போலீஸ் சீட்டு வந்தவர் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். சிரிப்பை அடக்கத் தெரியாத அம்மா திருடனாகிவிட்டால் அன்றைக்கு ஆட்டம் தானாகக் களைகட்டும்.

அதற்கும் நேரமில்லை என்றால் விடுகதை இருக்கவே இருக்கிறது. டியூஷனிலிருந்து வண்டியில் கூட்டிவரும்போதே போடலாம்.

எனக்கு என்ன விளையாடுவதென்றே தோன்றுவதில்லை.

உங்களுக்குத் தோன்ற வேண்டியதில்லை, பிள்ளையிடம் கேளுங்கள். "நான் மிஸ், நீ ஸ்டூடன்ட்" என்பாள். எழுந்து நில் என்றால் நில்லுங்கள். உங்கள் டெஸ்ட் பேப்பரில் முட்டை போடுவாள், டைரியில் கையெழுத்து வாங்கி வரச் சொல்வாள், பக்கத்தில் பேசினால் வாயில் விரல் வைக்கச் சொல்வாள். "இன்னிக்கு ஸ்கூல்ல என்னாச்சு?" என்று ஒரு வாரம் கேட்டாலும் வராத செய்தி அந்தப் பத்து நிமிஷத்தில் வந்துவிடும்.

நடுவில் விதியை மாற்றினால் மாற்றட்டும். அவர்கள் ஆட்டத்தில் நாம் வெறும் ஆட்டக்காரர். நடுவர் வேலை பார்க்கப் போனால், ஆட்டம் அங்கேயே முடிந்தது.

வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கலாமா?

ஐந்து வயசுக்குள் என்றால் தோற்றுப் போங்கள், ஆனால் தெரியாமல் தோற்க வேண்டும். அதற்கு மேல் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். "சும்மா விட்டுட்ட, போ" என்று காயைக் கலைத்துவிடுவார்கள். அந்த வயசுக்கு என் கையிருப்பு ஆடு புலி ஆட்டம். அதில் இரண்டு பக்கமும் சமமில்லை. அதனால் பெரியவருக்கும் சின்னவருக்கும் உள்ள இடைவெளியை ஆட்டமே பார்த்துக்கொள்ளும்.

கோலமாவிலோ சாக்பீஸிலோ தரையில் கட்டம் போட்டுக்கொள்ளலாம். ஓர் உச்சிப் புள்ளி. அதிலிருந்து கீழே விரிந்து இறங்கும் நாலு சாய்கோடு. நாலின் அடியையும் இணைத்து ஒரு கோடு. நடுவில் சாய்கோடுகளைக் குறுக்கே வெட்டி மூன்று கோடு. இவை இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீளட்டும். நீண்ட முனைகளை அந்தந்தப் பக்கம் மேலிருந்து கீழாக இணைத்துவிடுங்கள். கோடுகள் சேருமிடங்களை எண்ணினால் 23 வரும். வராவிட்டால் எங்கோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது.

புலி 3, ஆடு 15. புலிக்குக் கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. உச்சியில் ஒரு புலி, அதற்குக் கீழே இரண்டு புலி என்று வைத்துத் தொடங்குங்கள். ஆட்டுக்காரர் ஒவ்வோர் ஆடாகக் கட்டத்தில் இறக்குவார். 15-ம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி முதலிலிருந்தே நகரலாம். ஆட்டுக்கு நேர் பின்னால் காலி இடம் இருந்தால் தாண்டிக் குதித்து வெட்டலாம். புலி மூன்றும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி.

முதலில் பிள்ளைக்குப் புலியைக் கொடுங்கள். வெட்டுகிற சந்தோஷம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நாளில், ஆடுகளை ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தினால் புலி தாண்ட முடியாது என்பதை அதுவாகவே பார்த்துவிட்டு, "எனக்கு ஆடு கொடு" என்று கேட்கும். அதற்குப் பிறகு நீங்கள் நிஜமாகவே தோற்பீர்கள்.

விளையாட்டிலேயே வாய்ப்பாடும் ஸ்பெல்லிங்கும் சொல்லிக்கொடுத்துவிடலாமே?

வேண்டாம். தாயம் ஆடுகிறவனுக்குக் கூட்டல் தானாக வரும். நாம் அதைக் கேள்வியாகக் கேட்ட நிமிஷம் டியூஷன் வாசம் அடித்துவிடும்.

செல்போனைக் கையிலிருந்து பிடுங்கினால் வீடே அதிர அழுகிறான். என்ன செய்வது?

பிடுங்காதீர்கள். முதலில் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் பார்ப்பதை இரண்டு நிமிஷம் சேர்ந்து பாருங்கள். "இது முடிஞ்சதும் மாடிக்குப் போறோம், பம்பரம் எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நீங்கள் எழுந்து நடக்க வேண்டும். நடக்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே "போய் விளையாடு" என்றால் எந்தப் பிள்ளை போகும்?

அளவு தெரிய வேண்டுமென்றால், உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இது: ஒரு வயசுக்குள் திரையே வேண்டாம். ஒரு வயசுக் குழந்தைக்கும் வேண்டாம். 2 முதல் 4 வயசுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அதே நிறுவனம் 2020-ல் சொன்னபடி 5 முதல் 17 வயசுவரை, மூச்சு வாங்குகிற மாதிரி ஓடியாடுவது நாளுக்குச் சராசரி 60 நிமிஷமாவது வேண்டும். சோறூட்டும்போது போன் காட்டாமல் இருந்தாலே பாதிக் கணக்கு சரியாகிவிடும். நம் ஊரில் அந்த நேரத்தில்தான் அது ஓடுகிறது.

தவழும் குழந்தைக்கு என்ன விளையாட்டுக் காட்டுவது?

ஒரு சில்வர் தட்டு, ஒரு கரண்டி, உங்கள் முகம். முந்தானைக்குள் ஒளிந்து எட்டிப் பார்த்தாலே அது கெக்கெக்கே என்று சிரிக்கும். புளியங்கொட்டை, கோலி, காசு, பட்டன் பேட்டரி எல்லாம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பல்லாங்குழிக்கு அழகாக இருக்கிறதென்று குன்றிமணி வாங்கி வைப்பவர்கள் உண்டு. அது நஞ்சு. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அறவே வேண்டாம்.

அண்ணனுக்குப் பத்து, தங்கைக்கு நாலு. சேர்த்து விளையாட வைத்தால் சண்டைதான்.

அவளை அவன் கட்சியில் சேர்த்துவிட்டு நீங்கள் எதிர்க்கட்சி ஆகுங்கள்.

ஏற்காடு போனால் பிள்ளைகள் போட்டோ எடுக்கும்வரை நிற்கிறார்கள், பிறகு "போர்" என்கிறார்கள். வேறு எப்படிப் போவது?

பயணத்தையே விளையாட்டாக்கிவிட்டால் மேலே போய் எதைப் பார்த்தோம் என்பது பெரிய விஷயமில்லை. முடிந்தால் கார் வேண்டாம். புது பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் ஏறி ஜன்னலோரம் பிடியுங்கள். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏற்றம் தொடங்கியதும் கொண்டை ஊசி வளைவை எண்ணச் சொல்லுங்கள். மொத்தம் 20. வலப்பக்கம் திரும்பும் வளைவு ஒருவருக்கு, இடப்பக்கம் இன்னொருவருக்கு என்று பிரித்துக்கொண்டால் யார் பக்கம் அதிகம் என்பதில் போட்டி.

பையில் இரண்டு பொருள் கட்டாயம் இருக்கட்டும். ஒன்று, பிரிக்காத சிப்ஸ் பாக்கெட். அடிவாரத்தில் அதைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், தொளதொளவென்று இருக்கும். வளைவு ஏற ஏற உப்பிக்கொண்டே வந்து, மேலே போனதும் விண்ணென்று நிற்கும். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டர் சுமார். மேலே காற்றழுத்தம் குறைவு; உள்ளே அடைபட்ட காற்று, வெளியே அமுக்குவது தளர்ந்ததும் விரிகிறது. காது அடைப்பதும் இதனால்தான். கொட்டாவி விட்டால் பட்டென்று திறக்கும். இரண்டாவது, காலியான தண்ணீர் பாட்டில், மெல்லிசு பிளாஸ்டிக்காகப் பார்த்து. மேலே வைத்து மூடியை இறுக்கித் திருகிப் பிள்ளை மடியில் கொடுத்துவிடுங்கள். கீழே இறங்க இறங்க அது தானாக ஒடுங்கிக்கொண்டு வரும். அஸ்தம்பட்டி வருவதற்குள் நசுங்கிய பாட்டிலைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பான். அந்தப் பாட்டில் ஞாபகமாக வீட்டுக்கு வர வேண்டும், மலையில் வீசக் கூடாது.

வாந்தி எடுக்கும் பிள்ளையை முன் சீட்டில் உட்கார வைத்து ரோட்டை நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறும் முன் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளட்டும், கையில் ஓர் எலுமிச்சம்பழம். ஏற்றத்தில் போன் பார்த்தால் நிச்சயம் புரட்டும்.

மேலே எங்கே போவது?

எல்லா இடத்தையும் ஒரே நாளில் பார்க்கப் போனால் பார்த்தது வேன் சீட்டாகத்தான் இருக்கும். ஏரியில் ஒரு படகு, பக்கத்திலேயே அண்ணா பூங்கா, பிறகு ஏதாவது ஓர் இடம் போதும். காற்று பிடித்துத் தள்ளுகிற இடம் வேண்டுமென்றால் சேர்வராயன் கோயில். 5326 அடி, இந்த மலைத்தொடரின் உச்சி; அங்கே துண்டைப் பறக்கவிட்டு ஓடுவதற்கே பிள்ளைகள் இன்னொரு தடவை கேட்பார்கள். தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தில் பூச்சி தின்னும் குடுவைச் செடி இருக்கிறது. ஏழெட்டு வயசுப் பிள்ளையிடம் ஆர்க்கிட் என்று சொல்லாதீர்கள், ஈயைத் தின்னும் செடி என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். கிளியூர் அருவிக்கு இறங்குகிற வழி செங்குத்து, பாறை வழுக்கும், கோடையில் தண்ணீரும் இருக்காது. சின்னப் பிள்ளையோடு போக நான் சொல்ல மாட்டேன்.

காப்பித் தோட்டத்து ஓரமாக நடப்பதற்குக் காசு வேண்டாம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த செடி இங்கே அப்படியே தங்கிவிட்டது. சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக்கொடி, காப்பிப் பழம், பலா என்று முதலில் கண்டுபிடித்தவருக்கு ஒரு மிட்டாய் என்று பந்தயம் வையுங்கள். கோடை மழை ஒன்று விழுந்த பிறகு போனால் காப்பிச் செடி வெள்ளையாகப் பூத்திருக்கும், மல்லிகை வாசம் வரும். பறிக்க வேண்டாம், அது ஒருவருடைய விளைச்சல். குரங்கு இருக்கும் இடத்தில் கையில் தின்பண்டம் கூடாது. சிப்ஸ் பாக்கெட்டைச் சட்டைக்குள் மறையுங்கள்.

மே மாதக் கோடை விழா நாட்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் கூட்டம் தாங்காது. பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போனால் மலை உங்களுடையது.

சேலத்துக்குள்ளேயே, செலவில்லாமல்?

கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரைக்கு மாலை ஐந்தரைக்குப் போய் நில்லுங்கள். ஏரி நடுவே மண்திட்டுகள் போட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள். கொக்கும் நீர்க்காகமும் அடைய வரும் நேரம் அது. எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை தவறித் தவறி இருட்டிவிடும். ஜங்ஷனில் பிளாட்பார டிக்கெட் எடுத்து, வருகிற சரக்கு ரயிலுக்கு எத்தனை பெட்டி என்று பந்தயம் கட்டலாம். மலையடிவாரக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குச் சின்னக் கட்டணம்தான். விடுமுறை நாளை மட்டும் விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஆடி வந்துவிட்டால் ஊரே திடல். குகை என்கிற பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை ஊர்வலத்தில் சாமி வேஷம் போட்டு வருகிறவர்களைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினீர்கள் என்றால், அடுத்த ஒரு மாசம் வீட்டில் போர்வை எல்லாம் பட்டுப் பீதாம்பரம், அட்டைப்பெட்டி எல்லாம் கிரீடம். நீங்கள் வண்டி இழுக்கும் மாடு. தப்பிக்க வழியில்லை.

சமையலறையில் சேர்த்துக்கொள்ளலாமா? எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்களே?

கொட்டுவார்கள், துடைக்கவும் அவர்களையே விடுங்கள். சேலத்துப் பிள்ளைக்குத் தட்டுவடை செட் கடையைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. சின்னத் தட்டுவடையைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். சட்னி இரண்டும் உங்கள் வேலை: காய்ந்த மிளகாய், பூண்டு அரைத்துச் சிவப்பு, புதினா, கொத்தமல்லி அரைத்துப் பச்சை. பிள்ளைகளுக்காகக் காரத்தை அடக்கி அரையுங்கள். பீட்ரூட், கேரட் துருவுவது பெரிய பிள்ளைக்கு. துருவி கடைசியில் விரலைப் பிடுங்கும், கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். வெங்காயம் நறுக்குவது அப்பா.

இனி கடை அவர்களுடையது. ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டுத் தள்ளுவண்டி. பழைய காலண்டர் பின்பக்கம் விலைப்பட்டியல். ஒரு தட்டுவடை மேல் சிவப்புச் சட்னி, துருவல், வெங்காயம், கொஞ்சம் எலுமிச்சை, மேலே பச்சைச் சட்னி தடவிய இன்னொரு தட்டுவடை. அடுக்கியதும் ஒரு கை அமுக்கினால் ஓரத்தில் துருவல் பிதுங்கும், அதை விரலால் உள்ளே தள்ளிவிட்டு நீட்டுவார்கள். நீங்கள் வாடிக்கையாளர். "அண்ணே, வெங்காயம் தூக்கலா ஒண்ணு" என்று கேளுங்கள். கடனுக்குக் கேட்டால் கோபிப்பார்கள், மீதிச் சில்லறையில் ஏமாற்றுவார்கள். உடைந்து போனதெல்லாம் நொறுக்கல் என்று தனி விலைக்கு விற்கத் தோன்றும் வயசு எட்டு. பாட்டியைக் கல்லாவில் உட்கார வைத்தால் கடை இன்னும் நன்றாக ஓடும்.

சித்திரை வைகாசி வெயிலில் வெளியே விட முடியவில்லை. பகலெல்லாம் என்ன செய்வது?

காலையில் மாடியில் ஜவ்வரிசி வத்தல் ஊற்றுங்கள். ஜவ்வரிசிக்கான மரவள்ளி விளைகிற ஊரில் இருந்துகொண்டு வத்தலைப் பாக்கெட்டில் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைத் துணியில் பிள்ளை ஊற்றுவது வட்டமாக வராது; யானை, மேகம், தமிழ்நாடு மேப் எல்லாம் வரும். அப்படியே காயட்டும், பொரிக்கும்போது "என் யானை எங்கே?" என்று தேடுவார்கள். காக்கா விரட்டும் வேலையை நிழலிலிருந்து செய்யச் சொல்லுங்கள். பாதி காய்ந்த வத்தல் கொஞ்சம் குறையும். திருடியது காக்கா இல்லை என்று தெரிந்தாலும் கேட்காதீர்கள்.

நுங்கு வாங்கினால் தோண்டிய மண்டையைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு மண்டையை ஒரு குச்சியின் இரு முனையில் செருகி, நடுவில் கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி. பாட்டன் காலத்து வண்டிதான், ஆனால் ஓட்டிக் காட்ட ஆள் வேண்டும். மாம்பழக் கொட்டை மழையில் முளைவிட்டிருந்தால், உள்பருப்பைத் தரையில் தேய்த்து ஊதினால் பீப்பி. பூவரச இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கி ஊதினாலும் பீப்பிதான். மத்தியானம் பக்கத்து வீட்டில் தூங்குகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே தறி. நாள் முழுக்கக் கூடவே இருக்கிறோம், ஆனால் விளையாட நேரமில்லை.

அம்மாபேட்டைப் பக்கம் பாதி வீட்டுக் கதை இது. வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். கூடவே இருப்பதால் விளையாடிய கணக்காகாது, பிள்ளைக்கு உங்கள் முதுகுதான் தெரிகிறது. கரண்ட் போகும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தறி நின்றதும் வருகிற அமைதியில் விடுகதையோ பாட்டுக்குப் பாட்டோ போடலாம். இரவென்றால் மெழுகுவத்தி வைத்துச் சுவரில் கைநிழல்: மான், நாய், கொக்கு. கழிவு நூலில் நாலு நிறம் எடுத்துக் கொடுத்தால் பொம்மைக்குச் சடை பின்னிக்கொண்டிருப்பார்கள். தறி ஓடும் அறைக்குள் மட்டும் விளையாட்டு வேண்டாம். பட்டறை என்றால் ஆசிட் பாட்டில், ஊதுகுழல் பக்கம் அண்டவிடாதீர்கள்.

இவர் இதிலெல்லாம் சேரவே மாட்டேன் என்கிறார். காலையில் பேப்பர், மாலையில் டிவி.

அந்தப் பேப்பரையே ஆட்டமாக்குங்கள். நம் ஊர்ப் பேப்பரில் மேட்டூர் அணை நீர்மட்டம் வருமல்லவா? முழு நீர்மட்டம் 120 அடி என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும். இரவு தூங்கப் போகும்முன் நாளைக்கு எத்தனை அடி இருக்கும் என்று அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு எண் எழுதி மடித்து வைக்க வேண்டும். காலையில் பேப்பர் வந்ததும் யார் நெருக்கம் என்று பார்க்கலாம். வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் டெல்டாவுக்குத் திறப்பார்களா மாட்டார்களா என்று பேச்சு வரும், கர்நாடகத்தில் மழையா என்று பிள்ளையே கேட்கும். ஆடி வாக்கில் 120-ஐத் தொட்டுவிட்டால் 16 கண் மதகில் தண்ணீர் விழுவதைப் பார்க்க அவரே வண்டியை எடுப்பார். 1934-ல் கட்டி முடித்த அணை என்று அவர் தொடங்கினால் மட்டும் கொஞ்சம் சுருக்கச் சொல்லுங்கள்.

பையனுக்குப் பதின்மூன்று வயசு. எதற்குக் கூப்பிட்டாலும் "வரல" என்கிறான்.

கூப்பிடாதீர்கள், பொறுப்பைக் கையில் கொடுங்கள். ஐந்நூறு ரூபாய் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை நாம எங்க போறோம்னு நீ முடிவு பண்ணு, பஸ், சாப்பாடு எல்லாம் உன் கணக்கு" என்று சொல்லிவிட்டு, அவன் கூட்டிப்போகிற இடத்துக்கு வாயை மூடிக்கொண்டு போங்கள். பரோட்டா கடையில்தான் பாதிப் பணம் போகும். போகட்டும். அவன் ஆடும் மொபைல் கேமை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லலாம். நீங்கள் திணறுவதைப் பார்ப்பதில் அவனுக்கு அலாதி ஆனந்தம். நண்பர்கள் முன்னால் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஊரில் அம்மாயி, தாத்தா இருக்கிறார்கள். அங்கே விட்டால் போதாதா?

நன்றாக விடுங்கள். பல்லாங்குழியில் அம்மாயியை ஜெயிக்க முடியாது என்பது பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஆனால் கூட்டி வரப்போகும் அன்று வண்டியை நிறுத்தாமல் கிளம்பிவிடாதீர்கள். ஒரு ஆட்டம் நீங்களும் உட்காருங்கள். தன் அம்மாவையே இன்னொருவர் "கள்ளாட்டம் ஆடாதடி" என்று அதட்டுவதைக் கேட்பது பிள்ளைக்குப் பெரிய விருந்து.

தொடங்கினால் நிறுத்தவே விடமாட்டேன் என்கிறார்கள். அழுகையில்தான் முடிகிறது.

அலுப்புத் தட்டும்வரை இழுத்தால் அப்படித்தான் முடியும். "இன்னும் ரெண்டு ஆட்டம்" என்று முன்பே சொல்லி, இரண்டாவது முடிந்ததும் நீங்கள் முதலில் எழுந்துவிடுங்கள். மணியைக் காட்டிப் பயனில்லை, பிள்ளைக்கு ஆட்டக் கணக்குதான் புரியும். தாயமோ ஆடு புலியோ பாதியில் நின்றால் காயைக் கலைக்காமல் அப்படியே ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து மூடி வையுங்கள். நாளைக்கு முதல் காய் யாருடையது என்பதை மட்டும் தூங்கும்முன் பேசி முடிவு செய்துவிடுங்கள், காலையில் சண்டை அங்கிருந்துதான் கிளம்பும்.